முதற்பார்வை மாணவனுடையதாகட்டும்

பெரிய காகித உறையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்த நோயாளியையும், அந்த உறையிலிருந்து உருவிய எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து இரண்டு நிமிஷம் வாய் திறவாமல் நின்ற டாக்டரையும், நம்மில் நடுவயதைக் கடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று படம் எடுத்த சற்றைக்கெல்லாம் கணினித் திரைக்கு வந்துவிடுகிறது. சில இடங்களில், சந்தேகத்துக்கு இடமான பகுதியைச் சுற்றி ஒரு வர்ணக் கட்டமும், அங்கே இன்ன நோய் இருக்கக்கூடும் என்ற குறிப்பும் கூடவே வந்து சேருகின்றன. டாக்டரின் கண் படுவதற்கு முன்பே யந்திரத்தின் அபிப்பிராயம் எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த ஏற்பாடு வேண்டாமென்று வாதிப்பது என் நோக்கமன்று. தொழிலில் தேர்ந்தவருக்கு எது துணையோ, அதுவே தொழில் பயில்பவனுக்கு இடையூறாக முடியலாம் என்பதையும், அதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு என்பதையும் மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

கதிரியல் துறை யந்திரத்தோடு பிறந்து யந்திரத்தோடு வளர்ந்தது. 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1934இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் தோன்றியது. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி, லண்டனில் ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்கு வெட்டுகளாகப் படம்பிடித்துக் காட்டியது. இந்தச் சாதனங்கள் ஒவ்வொன்றும் மருத்துவரின் கண்ணுக்குப் புதிய வேலையைக் கொடுத்தனவேயன்றி, இருந்த வேலையைப் பறித்துக்கொள்ளவில்லை. ஒரே படத்தைப் பார்த்தவர், ஸ்கேன் வந்தபின் நூற்றுக்கணக்கான படங்களைப் பார்க்க வேண்டியவரானார். அவை யாவும் காட்டிய கருவிகள். இப்போது வந்திருப்பதோ சொல்லும் கருவி.

அது சொல்வதில் பயனுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சுவீடனில் எண்பதாயிரம் பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய மார்பகப் பரிசோதனை ஆய்வின் முதல் முடிவுகள் 2023இல் வெளியாயின. யந்திரத்தின் துணையோடு படித்த பிரிவில் கண்டறியப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை, மருத்துவர்கள் படங்களைப் படிக்கும் சுமையோ 44 சதவிகிதம் குறைந்தது. கதிரியல் மருத்துவர் எட்டாத ஊர்களில் காசநோயைத் தேடுவதற்கு, பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்புப் படங்களைக் கணினியே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மனிதக் கண்ணும் அப்படியொன்றும் அப்பழுக்கற்றதன்று: 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நுரையீரல் ஸ்கேனுக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தை, தேடச் சொன்ன சிறு கட்டியைப்போல் 48 மடங்கு பெரிதாக ஒளித்து வைத்திருந்தும், இருபத்துநான்கு கதிரியல் மருத்துவர்களில் இருபது பேர் அதைக் காணவில்லை, அவர்களுள் பலரின் பார்வை நேரே அதன்மேல் பதிந்து மீண்டிருந்தது.

ஆயினும் யந்திரத்தின் பிழை வேறு ஜாதியைச் சேர்ந்தது. படத்தின் மூலையில் வலம், இடம் தெரிவதற்காக எக்ஸ்ரே எடுப்பவர் சிறியதோர் உலோக அடையாளத்தை வைப்பது வழக்கம். நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு கணினி முறையை அமெரிக்காவில் சோதித்தபோது, அது நுரையீரலோடு அந்த உலோக அடையாளத்தையும் துப்பாகக் கொண்டு, படம் எந்த மருத்துவமனையைச் சேர்ந்தது என்று ஊகித்து, நிமோனியா மிகுந்த மருத்துவமனையின் படமானால் நோய் உண்டென்ற பக்கம் சாய்ந்தது 2018இல் தெரியவந்தது. நோயாளியைப் பாராமல் அவன் வந்த வீதியைப் பார்த்து நோய் சொல்லும் வைத்தியரை நாம் என்னவென்று அழைப்போம்?

இத்தகைய பிழையைப் பிடிக்க வேண்டியவர் மருத்துவர். அவர் பிடிப்பாரா என்பதற்கு 2023இல் ஜெர்மானிய ஆய்வொன்று விடை தந்தது. இருபத்தேழு கதிரியல் மருத்துவர்களிடம் மார்பகப் படங்களைக் கொடுத்து, யந்திரத்தின் முடிவு என்று சொல்லி, சிலவற்றில் வேண்டுமென்றே தவறான முடிவை வைத்தார்கள். முடிவு சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் நூற்றுக்கு எண்பது படங்களைச் சரியாகக் கணித்தார்கள். தவறாக இருந்தபோது அது இருபதாக வீழ்ந்தது. நெடுநாள் அனுபவமுள்ளவர்களும் வழுக்கினார்கள் என்றாலும், நாற்பத்தைந்தோடு நின்றுகொண்டார்கள். அந்த வித்தியாசம் யந்திரம் தந்ததன்று. பல்லாண்டுகள் தாமாகவே பார்த்துப் பார்த்துச் சேர்த்த முதல்.

அந்த முதலைச் சேர்க்கும் காலந்தான் மூன்றாண்டு எம்.டி. படிப்பு. ஒரு மார்புப் படத்தில் காறை எலும்புக்கு மேலே எட்டிப்பார்க்கும் நுரையீரலின் உச்சி, இதயத்தின் நிழலுக்குப் பின்னே மறைந்திருக்கும் பகுதி, உதரவிதானம் விலாவைத் தொடுமிடத்தில் நீர் கோத்தால் மழுங்கிப்போகும் கூர்ங்கோணம் என்று, கண் தவறிப்போகும் இடங்களையெல்லாம் ஒரு மாணவன் ஆசிரியரின் கண்டிப்புக்கு அஞ்சியேனும் தினந்தோறும் தேடித் தேடிப் பழகுகிறான். கட்டம் போட்ட படமே முதல் நாள் முதல் அவன் முன் வருமானால், கட்டத்துக்கு வெளியே பார்க்கும் பழக்கம் அவனுக்கு எங்கிருந்து வரும்?

2016இல் டொராண்டோவில் பேசிய செயற்கை நுண்ணறிவு விஞ்ஞானி ஜெஃப்ரி ஹிண்டன், ஐந்தாண்டுகளில் யந்திரம் மிஞ்சிவிடும், கதிரியல் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று கூறினார். அவருக்குப் பின்னாளில், 2024இல், நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்ன ஆருடம் மட்டும் பலிக்கவில்லை. பயிற்சியை நிறுத்தச் சொன்ன அந்தப் பேச்சைவிட, பயிற்சி நடப்பதுபோலவே இருந்து உள்ளீடற்றுப் போவதே எனக்கு அதிக அச்சமூட்டுகிறது.

ஆகவே மருத்துவக் கல்லூரிகளின் கதிரியல் துறைத் தலைவர்களுக்கு என் விண்ணப்பம் இது: மாணவன் தன் முடிவை எழுதிப் பதிவு செய்யும்வரை யந்திரத்தின் குறிப்பு அவன் திரையில் தோன்றாதிருக்கட்டும், இரண்டும் மாறுபட்ட படங்களை வாரம் ஒருமுறை ஆசிரியர் முன்னிலையில் அலசட்டும், தேர்விலும் யந்திரம் தவறிய படங்கள் சில இடம்பெறட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம். குறிப்பு தோன்றும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்தால் போதும்.