டிரைவருக்கு 8 வருஷம் சிறை... அந்த நாற்சந்திக்கு என்ன தீர்ப்பு?

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், வயல்வெளிக்கு நடுவே 35, 335 என்ற ரெண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் நாற்சந்தி அது. 2018 ஏப்ரல் 6-ம் தேதி மாலை, ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியின் பஸ்ஸும் ஒரு டிரெய்லர் லாரியும் அங்கே மோதின. பஸ்ஸில் இருந்த 29 பேரில் 16 பேர் உயிரிழந்தார்கள். மீதி 13 பேரும் காயமடைந்தார்கள்.

தப்பு யார் மேல?

35-ல் வந்த பஸ்ஸுக்குத்தான் முன்னுரிமை. 335-ல் வரும் வண்டி நின்னு, பார்த்துதான் கடக்கணும். அதுக்கு 'ஸ்டாப்' பலகையும், மினுக்கும் சிவப்பு விளக்கும் இருந்தன. ஆனா லாரி நிற்கலை. அதன் வேகம் மணிக்கு 86 முதல் 96 கி.மீ. வரை இருந்ததாக விசாரணையில் கணக்கிடப்பட்டது.

டிரைவர் இந்தியாவிலிருந்து குடியேறியவர். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. குடிக்கலை, போனும் பேசலை. சரக்கை மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் படபடத்ததில் கவனம் சிதறியதாக கோர்ட்டில் சொல்லப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2019 மார்ச்சில் 8 ஆண்டு சிறைத் தண்டனை. 2024-ல் நாடு கடத்தவும் உத்தரவு வந்தது.

சரி, சாலையில் குறையே இல்லையா?

1997-லயே இதே சந்திப்பில் ஒரு விபத்தில் 6 பேர் இறந்திருக்காங்க. அதுக்கப்புறம் வச்சதுதான் அந்த சிவப்பு விளக்கு. ஆனா விளக்கு என்பது பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான் எச்சரிக்கை. 90 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் நகரும். 4 நொடி கவனம் தவறினா 100 மீட்டர் போயிடும்.

என்ன மாத்தச் சொன்னாங்க?

மாகாண அரசு கேட்டு வாங்கிய பாதுகாப்பு ஆய்வறிக்கை 2018 டிசம்பரில் வந்தது. மொத்தம் 13 பரிந்துரைகள். முக்கியமானவை இவை:

* சாலையின் குறுக்கே ரம்பிள் ஸ்ட்ரிப் போடுறது. டிரைவரின் கண் வேற பக்கம் இருந்தாலும் வண்டி அதிரும், சத்தம் வரும்.
* தார்ச்சாலை மேலேயே 'நில்' என்று பெயின்ட்டில் எழுதுறது, பலகைகளைப் பெரிசாக்குறது.
* தென்கிழக்கு மூலையில் இருந்த மரங்களை அகற்றுறது. தெற்கே இருந்து வந்த பஸ்ஸையும் கிழக்கே இருந்து வந்த லாரியையும் ஒன்றுக்கொன்று மறைத்தது இந்த மூலைதான். மரங்கள் தனியார் நிலத்தில் இருந்ததால் உரிமையாளரின் சம்மதமும் தேவைப்பட்டது.

ரவுண்டானா வச்சா?

சாதாரண நாற்சந்தியில் வாகனங்கள் மோதிக்க வாய்ப்புள்ள இடங்கள் 32. ஒருவழித்தட ரவுண்டானாவில் அது 8 தான். வேகமும் தானாகக் குறையும். ஆனா அதுக்கு நிலம் வேணும், நீளமான லாரிகள் திரும்ப இடம் வேணும், பணமும் வேணும். பெயின்ட்டுக்கும் ரம்பிள் ஸ்ட்ரிப்புக்கும் அவ்வளவு செலவு இல்லை.

2019 மார்ச் முதல் அந்த மாகாணத்தில் டிரெய்லர் லாரி ஓட்ட குறைந்தது 121.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். நல்ல மாற்றம்தான். ஆனா எவ்வளவு பயிற்சி எடுத்தவருக்கும் ஒருநாள் கவனம் சிதறலாம். அந்த ஒருநாளுக்கும் சேர்த்துத்தான் சாலையை அமைக்கணும். தண்டனை ஒரு டிரைவரோட முடிஞ்சுடும். சந்திப்பை அடுத்த டிரைவரும் கடந்துதான் ஆகணும்.