கழல மாட்டேன் என்கிற பெடல்

சகோதரிகளே, போன இதழில் குழாய்க்கு வாஷர் மாற்றுவதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை சைக்கிள் பெடல். "இது ஆம்பிளைங்க சமாசாரமாச்சே, நமக்கெதற்கு?" என்று புரட்டிவிடாதீர்கள். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில், மிக்ஸி ரிப்பேரை விட இது அவசரம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். சைக்கிளில் இடது பெடல் கட்டை உடைந்து, வெறும் இரும்பு அச்சு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. புதுப் பெடல் வாங்கி வந்தாயிற்று. பழசு கழன்றால்தானே! அவள் அண்ணன் ஸ்பேனரைப் போட்டு வேர்க்க விறுவிறுக்கத் திருகிப் பார்த்துவிட்டு, "இது துருப்பிடிச்சுப் போச்சு, வராது" என்று போய்விட்டான். சைக்கிள் ஒரு மாதம் சுவரோரமாக நின்றது. பகலில் நடந்தாவது பள்ளிக்கூடம் போனாள். இருட்டின பிறகு தனியாக நடந்து வரக்கூடாது என்று சாயங்கால டியூஷனை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு திருகு செய்த வேலையைப் பாருங்கள்!

அந்தப் பையனுக்குப் பலம் போதாமல் இல்லை. அவன் திருகின திசைதான் தப்பு. திருகத் திருக அது இறுகிக்கொண்டே போயிருக்கிறது.

டப்பா மூடி, குழாய் எல்லாம் இடது பக்கம் திருகினால் கழலும், வலது பக்கம் திருகினால் இறுகும். நம் கைக்கு அதுதான் பழக்கம். சைக்கிளில் செயின் இருக்கிற வலது பெடலும் அப்படித்தான். இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ். அங்கே பழக்கப்படி திருகினால் இறுகும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். குழவியை நாம் ஒரு பக்கமாகச் சுற்றுவோம். குழியின் சுவரில் உரசி உருளுகிற குழவியோ கைக்குள்ளே எதிர்ப்பக்கமாகத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். பெடல் அச்சும் அதே மாதிரிதான். மிதிக்க மிதிக்க, கிராங்க் ஓட்டைக்குள்ளே அது கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக உருளப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே மரையாக இருந்தால், இடது பெடல் நடுரோட்டில் தானாகக் கழன்று வந்துவிடும். அதனால்தான் அந்தப் பக்கம் மரையை மாற்றி வெட்டுகிறார்கள். 1903-ல் ஆகாய விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன்னால் அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். தாங்கள் செய்த சைக்கிள்களில் இந்த இடது மரையைப் போட்டவர்கள் அவர்கள்.

இனி கழற்றும் முறை. இரண்டு பெடலுக்கும் ஒரே சூத்திரம்தான். ஸ்பேனரை மேல்நோக்கி நிற்க வைத்தால், அதன் தலையைப் பின் சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும், முன் சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். இடது வலது குழப்பமே வேண்டாம். "பின்னே போனால் பிரியும்" என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட வேண்டும். இடது பெடல் என்றால் சைக்கிளை இடது பக்கமாகப் படுக்க வையுங்கள். கிராங்கின் உள்பக்கம் மேலே பார்க்கும். அங்கே அச்சின் நுனி தெரியும் இடத்தில் நாலு சொட்டு விட்டால் மரைக்குள் இறங்கும். ஹார்ட்வேர் கடையில் துரு இளக்குகிற ஸ்பிரே கிடைக்கிறது. இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்காகிவிடும்.

எங்கள் ஊர் எலுமிச்சைக்குப் பேர் போனது. அதனால் "எலுமிச்சஞ்சாறு விட்டால் துரு போயிருமே" என்று இங்கே யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். மேலாக இருக்கிற துருவை அது எடுக்கும், உண்மைதான். ஆனால் இறுகின மரைக்குள் எண்ணெய் மாதிரி ஊர்ந்து போகாது. கழுவித் துடைக்காமல் விட்டால் அந்தப் புளிப்பே இரும்பை அரிக்கும். சாற்றைப் பித்தளை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. மீதி மண்ணெண்ணெயைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ டம்ளரிலோ வைக்கவே கூடாது. தவறிப்போய்க் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மறுநாள் காலையில் சைக்கிளை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் தரையில் படும்படி வையுங்கள். ஒருவர் பின் பிரேக்கை அழுத்தி ஆடாமல் பிடிக்கட்டும். கழற்ற வேண்டிய பெடலின் கிராங்க் முன் சக்கரத்தைப் பார்த்துப் படுக்கையாக இருக்க வேண்டும். பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவில் அச்சில் இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். அங்கேதான் ஸ்பேனர் போட வேண்டும். பெரும்பாலும் 15 எம்.எம். சரியாக இருக்கும். ஸ்பேனரின் பிடி பின் சக்கரத்தைப் பார்த்து, கிராங்கை ஒட்டினாற்போல் இருக்கட்டும். இப்போது பிடியின் நுனியை உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்காமல் உடம்பின் பாரத்தை மெதுவாகக் கொடுங்கள். இடது பெடலுக்கும் வலது பெடலுக்கும் இதுவேதான்.

வலது பக்கம் என்றால் பல்சக்கரத்தின் மேல் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றிவிடுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் விரல் நேராக அந்தப் பல்லில்தான் போய் இடிக்கும்.

அப்படியும் அசையவில்லையா? கொதிக்கிற வெந்நீரைக் கிராங்கின் நுனியில் மட்டும் நிதானமாக ஊற்றுங்கள். சூட்டில் இரும்பு இம்மி விரிந்து பிடி தளரும். எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பு மட்டும் காட்டவே கூடாது. ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கினால் பாதி பலம் போதும். அப்போது கிராங்கும் சேர்ந்து சுற்றப் பார்க்கும். மறுபக்கத்துப் பெடல் கீழே இறங்காமல் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அச்சின் தட்டை விளிம்பு மழுங்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். சுத்தியலால் அடித்தால் கிராங்குக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டி வரும்.

புதுப் பெடலின் அச்சு நுனியில் இடதுக்கு 'எல்', வலதுக்கு 'ஆர்' என்று ஆங்கில எழுத்து குத்தியிருக்கும். பார்த்து மாட்டுங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நாலு சுற்று கைவிரலாலேயே முன்பக்கமாகத் திருகுங்கள். விரலுக்கே முரண்டு பிடித்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். அந்தக் கிரீஸ் இருந்தால் சாரல் காலத்தில் வெளியே நின்றாலும் மரை லேசில் துருப்பிடிக்காது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு அந்த ஊர்த் தெருக்களில் சைக்கிளில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பலர் ஆண்கள் சைக்கிளைத்தான் விரும்பிக் கேட்டார்களாம், முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று! பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. இன்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது. அது ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

எங்கள் தெருப் பெண்ணின் சைக்கிளுக்கு ராத்திரி எண்ணெய் விட்டு, காலையில் அம்மா பிரேக்கைப் பிடிக்க, மகள் ஸ்பேனரை அழுத்தினாள். 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த லீவு நாளில் உங்கள் வீட்டு சைக்கிளிலும் இரண்டு பெடலையும் ஒரு தடவை கழற்றி, கிரீஸ் போட்டு மாட்டிவிடுங்கள். ஸ்பேனர் பிள்ளையின் கையில் இருக்கட்டும், நீங்கள் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.