வெயிலுக்கும் காணி



சென்ற மாதம் சம்பூருக்குப் போயிருந்தேன். எனக்குப் பல வருடப் பழக்கமான அக்கா ஒருவர் அங்கே இருக்கிறார். 2006 ஏப்ரலில் குண்டுகள் விழத் தொடங்கியபோது இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடியவர். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து கடைசியில் கிளிவெட்டி முகாமுக்கு வந்தார். தறப்பாளுக்குக் கீழே குப்பி விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். 2016இல்தான் சொந்த வளவுக்குத் திரும்பினார். போன உடனேயே தேநீர் தந்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“பிள்ளை, அப்ப கரிக்கெண்டு காணி எடுத்தாங்க. இப்ப வெயிலுக்கும் காணி கேக்கிறாங்களாமே, உண்மையோ?”

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எமது நாட்டில் 1990களின் நடுப்பகுதி வரை மின்சாரத்தின் பெரும்பகுதி நீரில் இருந்துதான் வந்தது. மழை பொய்த்தால் மின்வெட்டு. பிறகு டீசலும் எரிநெய்யும் வந்தன. அதுவும் போதாமல் புத்தளம் மாவட்டத்தில் நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் கட்டினார்கள். முதலாவது பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்றும் முடிந்து 900 மெகாவாட் ஆனது. நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொன்று அங்கிருந்தே வருகிறது. கரியோ எங்களுடையது அல்ல, கப்பலில் வருவது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இறக்கவும் முடியாது. முன்கூட்டியே டொலர் கொடுத்து வாங்கிக் குவித்துவைக்க வேண்டும்.

டொலர் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 2022இல் கண்டோம். மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். அதற்குப் பிறகு வந்த பில்லைத்தான் பெண்கள் மறக்கமாட்டார்கள். மாதம் 30 அலகு எரிக்கும் சின்ன வீட்டுக்கு, 2022 ஓகஸ்ட்டுக்கு முன் நிலையான கட்டணத்தோடு 105 ரூபாய்தான். 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு 1,300 ரூபாய். பிறகு குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சில மாதங்களில் லைற் வெட்டுப்பட்டுத் திரும்பவும் விளக்குக்குப் போன வீடுகளை நான் பார்த்தேன். தையல் மெஷினுக்கு மோட்டர் பூட்டியிருந்த ஒரு தங்கச்சி அதைக் கழற்றிவிட்டுக் காலால் மிதிக்கத் தொடங்கினார்.

இப்போது சம்பூருக்கு வருவோம். நுரைச்சோலையைப் போல இங்கேயும் ஒரு நிலக்கரி மின்நிலையம், 500 மெகாவாட்டுக்கு, இந்தியாவின் உதவியுடன் கட்டுவதாக இருந்தது. 2006 டிசம்பரில் உடன்படிக்கை கைச்சாத்தானது. காலத்தைக் கவனியுங்கள். ஊரவர்கள் ஓடி எட்டு மாதம். காணிக்காரர் முகாமில் வரிசையில் நிற்க, காணிக்கு வேறு எங்கோ பேச்சு நடந்தது. பின்னர் ஊர் திரும்பிய மக்களும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். வழக்கும் போடப்பட்டது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. 2021இல் புதிய நிலக்கரி மின்நிலையமே இனிக் கட்டமாட்டோம் என்று உலக நாடுகளின் முன் இலங்கை உறுதி கூறியது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் நீர், காற்று, வெயில் போன்றவற்றில் இருந்து வரவேண்டும் என்பது இலக்கு.

நிலக்கரிக்கென்று பேசிய அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. புகை இல்லை, சாம்பல் இல்லை, கடலில் சுடுநீர் கலக்காது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. நுரைச்சோலைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிற பெண்கள் இலைகளில் சாம்பல் படிவதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சம்பூர்ப் பிள்ளைகளின் நெஞ்சுக்கு அது வேண்டாம்.

ஆனால் அக்கா கேட்டதும் சரி. வெயில் வானத்தில் இருந்தாலும் அதைப் பிடிக்கும் தகடு நிலத்தில்தான் நிற்க வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வரை பிடிக்கும். இதே திருகோணமலை மாவட்டத்தில் முத்துநகர் விவசாயிகள், சூரிய மின் திட்டத்துக்காகத் தங்கள் வயல்கள் பறிபோகின்றன என்று 2025இல் வீதிக்கு இறங்கினார்கள். மன்னாரில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைகள் 30 திறக்கப்பட்டன. அதற்கு மேலும் கோபுரங்கள் வேண்டாம் என்று 2025 ஓகஸ்ட்டில் மக்கள் இரவிரவாக வீதியில் இருந்தார்கள். இவர்கள் எல்லோரும் கரிதான் வேண்டும் என்று கேட்டவர்கள் இல்லை. தங்களைக் கேட்காமல் செய்யாதீர்கள் என்பதுதான் அவர்கள் சொன்னது.

கூரையில் தகடு பூட்டினால் காணிப் பிரச்சினை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அதற்கு முதலில் கூரை உறுதியாக இருக்க வேண்டும், கையில் சில இலட்சம் வேண்டும், வங்கிக் கடனுக்குக் காணி உறுதி வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. பகலில் வெயில் மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் அதைச் சேமிக்கப் பெரிய பற்றரிகள் இங்கே போதாது. 2025 சித்திரைப் புதுவருட விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டியிருந்தபோது, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி வீட்டுக்காரர்களையே கேட்டார்கள். மாலை ஆறரைக்கு நாங்கள் எல்லோரும் லைற் போடும் நேரத்தில் வெயிலும் போய்விடுகிறது. ஆகவே நாளைக்கே நுரைச்சோலையைப் பூட்டிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

இவ்வளவையும் அக்காவுக்கு எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பால்மா பேணியைக் கொண்டுவந்தார். அதற்குள் பொலித்தீன் பையில் சுற்றிய வளவு அனுமதிப்பத்திரம். தகப்பனுடைய மேட்டுக்காணியின் உறுதி ஓடும்போது தொலைந்து போனது, அதற்கு இப்போது காணிக் கந்தோரில் பதிவுப் பிரதி கேட்டு அலைகிறார்.

“திட்டம் ஆற்றையெண்டாலும் இருக்கட்டும். அளக்க வாற அண்டைக்கு நான் வீட்டில இருக்கோணும், கையில கடதாசியும் இருக்கோணும்” என்றார்.

மூதூரில் போட்டோப் பிரதி எடுத்து வரச் சொன்னார். மூன்று எடுத்தோம். ஒன்று பேணிக்குள், ஒன்று மகளிடம். மற்றது என் அலுமாரியில் இருக்கிறது.