ரிஸ்க் மார்க் கம்மின்னா நோய் கம்மியா?

"நோயாளிக்கு ஆபத்து எவ்வளவுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடும் டாக்டர்" என்கிறார்கள். எப்படிச் சொல்லுது, எங்கே சறுக்கும்? பார்ப்போம் மக்களே.

ஒவ்வொரு நோய்க்கும் ஐசிடி என்ற உலகப் பொதுக் குறியீடு இருக்கு. ஈ11 என்றால் டைப் 2 சுகர். ஐ10 என்றால் பிரஷர். ஒருத்தர் பெயரில் ஏறியிருக்கும் இந்தக் கோடுகளை வைத்து சாஃப்ட்வேர் ஒரு மார்க் போடும்.

அடிப்படை பழசுதான். 1987ல் மேரி சார்ல்சன் குழு ஒரு கணக்கு போட்டது. மாரடைப்பு வந்திருந்தால் 1. சுகரால் உறுப்பு பாதித்திருந்தால் 2. பரவிய புற்றுநோய்க்கு 6. கூட்டினால் ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் தோராயமாகத் தெரியும். இன்றும் ஆய்வுகளில் பயன்படும் நல்ல கருவி.

பிரச்சனை எங்கே?

அமெரிக்காவில் ஒரு சாஃப்ட்வேர், யாருக்கு கூடுதல் கவனிப்பு தேவைன்னு இன்சூரன்ஸ் பதிவுகளை வைத்துத் தேர்ந்தெடுத்தது. ஓபர்மேயர் குழு அதை ஆராய்ந்து 2019ல் சயின்ஸ் இதழில் எழுதினாங்க. ஒரே மார்க் வாங்கிய கறுப்பின, வெள்ளையின நோயாளிகளில் கறுப்பினத்தவருக்கே நோய் அதிகம்!

இத்தனைக்கும் அதில் இனம் பற்றிய தகவலே கிடையாது. அது கணித்தது நோயை இல்லை, செலவை. அதே நோய்க்கு கறுப்பினத்தவருக்கு ஆகியிருந்த செலவு கம்மி. காரணம், கிடைத்த சிகிச்சையே கம்மி. இதைச் சரி செய்தால் கூடுதல் கவனிப்பு பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆகும் என்று காட்டினார்கள்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. ஒரு நாள் கூலி போயிடுமேன்னு ஓபிக்கு வராத கட்டிட வேலைக்காரருக்கு சுகர் 300 இருக்கலாம். டெஸ்ட் எடுக்கல, கோடு ஏறல. கம்ப்யூட்டர் கணக்கில் அவர் ஆரோக்கியசாலி!

அதுக்காக சாஃப்ட்வேரே வேண்டாமா? வேண்டும். கூட்டம் அதிகம், டாக்டர் குறைவு. யாரை முதலில் கூப்பிட்டுப் பார்ப்பதுன்னு சொல்ல அது உதவும். ஆனால் வாங்கும் முன் மூணு கேள்வி கேட்கணும்.

1. இந்த மார்க் எதைக் கணிக்குது? நோயையா, செலவையா?
2. நம்ம மக்களிடம் சோதித்துப் பார்த்தாச்சா?
3. பதிவிலேயே இல்லாதவரை எப்படிக் கண்டுபிடிக்கும்?

என் கருத்து: மார்க் அதிகமா, கூப்பிட்டுப் பாருங்க. மார்க் கம்மி என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பாதீங்க.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய சீட்டு எல்லாத்தையும் ஒரே ஃபைலில் வைங்க. எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்க. எழுதப்படாத நோய் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அவசரத்தில் டாக்டருக்கும் தெரியாது.