ஆயிரம் பேர் கிசுகிசுத்தால்...

2025 மார்ச் 8-ம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா, இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. அந்த ஒரு மாதம் நம் ஊரில் எல்லோருமே சிம்பொனி நிபுணர்கள். வாட்ஸ்அப் குழுக்களில் நாலு பகுதியா, மூன்று பகுதியா என்று சண்டையே நடந்தது. பெருமைப்பட்டதில் தப்பில்லை. நியாயமான பெருமைதான். ஆனால், அவ்வளவு பேசியவர்களில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் போய் உட்கார்ந்திருப்பார்கள்?

கேட்டுப் பாருங்கள். இரண்டே பதில்கள்தான் வரும்.

ஒன்று: "அதான் யூடியூப்ல இருக்கே சார். நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டா போதாதா?"

இரண்டு: "அதெல்லாம் பணக்காரங்க சமாசாரம். கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டுப் போய்த் தூங்கற இடம்."

முதலாவது அறியாமை. மன்னித்துவிடலாம். இரண்டாவது பொய். அந்தப் பொய்யைப் பரப்பியதில் இந்த இசையின் எதிரிகளைவிட அதன் காவலர்களுக்குத்தான் பங்கு அதிகம்.

முதலில் ஹெட்ஃபோன் கட்சி.

குஸ்டாவ் மாலரின் எட்டாவது சிம்பொனி என்று ஒன்று இருக்கிறது. 1910 செப்டம்பர் 12, ம்யூனிக் நகரத்தில் அரங்கேற்றம். மேடையில் பாடியவர்கள் 850 பேருக்கு மேல். அதில் சுமார் 350 பேர் சின்னப் பிள்ளைகள். வாத்தியக்காரர்கள் 170 பேர். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த எமில் குட்மன் விளம்பரத்தில் புலி. 'ஆயிரம் பேர் சிம்பொனி' என்று பெயர் சூட்டி டிக்கெட் விற்றுவிட்டார். மாலருக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பது சிம்பொனியின் கடைசிப் பகுதியைக் கேட்டால் எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, எல்லா முழக்கமும் அடங்கிய பிறகு, கோரஸ் மொத்தமும் பாடத் தொடங்குகிறது. எப்படி? உரக்க இல்லை. மூச்சுக் காற்றைப் போல. மிக மிக மெதுவாகப் பாடவேண்டும் என்று மாலரே ஸ்கோரில் குறித்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் கிசுகிசுத்தால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். ஆயிரம் பேர் ஒரே ஸ்வரத்தில் கிசுகிசுத்தால்? அதில் சத்தம் என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஹால் முழுக்க நிரம்பிவிடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. அவ்வளவு பேரைக் கூட்டியது கூச்சல் போடுவதற்காக அல்ல, இந்த மௌனத்துக்காக! இதை எந்த மைக் வாங்கி, எந்த ஸ்பீக்கர் திருப்பித் தரும்?

பஸ்ஸில் ஹெட்ஃபோனில் கேட்டால் இந்த இடம் காதில் விழாது. வால்யூமைக் கூட்டுவீர்கள். ஐந்து நிமிடத்தில் கோரஸும் ஆர்கனும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்து முழங்கும். பதறிப்போய்க் குறைப்பீர்கள். சிம்பொனி கேட்டதாக ஆகாது. வால்யூம் பட்டனோடு குஸ்தி போட்டதாகத்தான் ஆகும்.

நூறு பேர் சேர்ந்து பாடுவதில் சில சின்ன ரகசியங்கள் உண்டு. நீண்ட ஸ்வரம் ஒன்றை இழுக்கும்போது எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கமாட்டார்கள். ஒருவர் விடுகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொண்டிருப்பார். தனி மனிதரால் முடியவே முடியாத ஒரு மூச்சு, கூட்டத்துக்கு வாய்க்கிறது. அதேபோல், எத்தனை பயிற்சி இருந்தாலும் நூறு குரல்களும் நூல் பிடித்த மாதிரி ஒரே சுருதியில் நிற்பதில்லை. மயிரிழை வித்தியாசங்கள் இருக்கும். அந்த வித்தியாசங்கள் ஒன்றோடொன்று உரசும்போதுதான் அந்தத் தடிப்பான, வெதுவெதுப்பான ஒலி கிடைக்கிறது. கோரஸ் என்பதே குறைகள் சேர்ந்து செய்கிற அழகு.

அப்புறம் பைப் ஆர்கன். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரம் குழாய்கள். இந்த வகை ஆர்கன்களில் 32 அடிக் குழாய் எழுப்பும் அடி ஸ்வரம் நொடிக்கு 16 அதிர்வுதான். மனிதக் காதின் கீழ் எல்லை சுமார் 20. அதாவது, அதை நீங்கள் காதால் கேட்பதில்லை. விலா எலும்பால் கேட்கிறீர்கள். இரண்டு காதிலும் சுண்டைக்காய் அளவு பிளாஸ்டிக்கைச் செருகிக்கொண்டு விலா எலும்பால் எப்படிக் கேட்பது?

இன்னொன்றும் உண்டு. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் கோரஸ் நான்காவது பகுதியில்தான் பாடுகிறது. முதல் முக்கால் மணி நேரம் ஆர்க்கெஸ்ட்ரா மட்டும்தான். சி.டி.யில் கேட்கிறவருக்குக் கோரஸ் என்பது திடீரென்று வந்து சேரும் ஒரு சத்தம். நேரில் பெரும்பாலும் அப்படியில்லை. நூறு பேர் ஆர்க்கெஸ்ட்ராவின் பின்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். 'இவர்கள் எப்போது?' என்று மனசுக்குள் ஒரு கேள்வி ஊறிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் மொத்தமாக எழுந்து நிற்கும்போது, ஒரு ஸ்வரம்கூட பாடுவதற்கு முன்பே உங்களுக்குப் புல்லரித்துவிடுகிறது. ரிக்கார்டிங் கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாண வீடியோவில் பந்தியைப் பார்த்துவிட்டு ஏப்பம் விடாதீர்கள் என்கிறேன்.

இனி, பணக்காரர் சமாசாரம்.

லண்டனில் 'ப்ரோம்ஸ்' என்று கோடைக்கால இசை விழா. 1895 ஆகஸ்டில் குவீன்ஸ் ஹாலில் தொடங்கியது. ராபர்ட் நியூமன் என்ற மேனேஜரும் ஹென்றி வுட் என்ற இளைஞரும் சேர்ந்து செய்த காரியம். பெரிய சங்கீதத்தை ஒரு ஷில்லிங்குக்குத் தந்தார்கள். நின்றுகொண்டு கேட்கலாம். நடக்கலாம். சாப்பிடலாம், குடிக்கலாம். சிகரெட்கூடப் பிடிக்கலாம். யாராவது பாடும்போது மட்டும் தயவுசெய்து தீக்குச்சி உரசாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார்கள். எவ்வளவு நாகரிகமான வேண்டுகோள்!

1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து குவீன்ஸ் ஹால் எரிந்துபோனது. விழா அந்த வருடமே ஆல்பர்ட் ஹாலுக்கு இடம் மாறியது. இன்றும் அங்கே மேடைக்கு நேர் எதிரே, மிகச் சிறந்த இடத்தில், நாற்காலிகளே இல்லை. நின்று கேட்கிறவர்களின் இடம் அது. 2024-ல் அந்த டிக்கெட் 8 பவுண்டு. அன்றைய கணக்கில் சுமார் 850 ரூபாய். நம் ஊரில் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்து, எது பணக்காரர் சமாசாரம் என்று என்னிடம் சொல்லுங்கள்.

பாடியவர்கள் யார் என்று பார்த்தாலும் இதே கதைதான். 1742 ஏப்ரலில் டப்ளினில் ஹாண்டெலின் 'மெஸையா' முதன்முதலில் பாடப்பட்டது. வசூல் ஆஸ்பத்திரிகளுக்கும், கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களுக்கும் போனது. அந்தப் பணத்தில் 142 கைதிகள் விடுதலை ஆனார்கள். நிறையப் பேர் உள்ளே வர இடம் வேண்டுமே... பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வாருங்கள் என்று அறிவித்தார்கள். இடுப்பு வாளைக் கழற்றி வைத்தால்தான் அனுமதி என்றால், அது யாருடைய அகங்காரத்துக்கு வைத்த வேட்டு?

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் தெருவுக்குத் தெரு பாட்டுச் சங்கங்கள் முளைத்தன. துணி ஆலைகளின் ஊரான ஹடர்ஸ்ஃபீல்டில் 1836-ல் தொடங்கிய கோரல் சொசைட்டி இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. 1859-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாண்டெல் விழாவுக்காக ஒரே மேடையில் பாடியவர்கள் 2,700 பேருக்கு மேல். இவ்வளவு பிரபுக்களுக்கு இங்கிலாந்து எங்கே போகும்? பாடியவர்கள் குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், வாத்தியார்கள்.

ஜப்பானில் இன்னும் விசேஷம். 1918 ஜூன் 1-ம் தேதி பாண்டோ என்ற இடத்தில் இருந்த போர்க்கைதிகள் முகாமில் ஜெர்மன் கைதிகள் பீத்தோவனின் ஒன்பதாவதைப் பாடினார்கள். ஆசியாவில் அது முழுதாக ஒலித்தது அதுவே முதல் தடவை. பெண் குரல் பகுதிகளையும் ஆண்களே பாடவேண்டியிருந்தது. முள்வேலிக்குள் யாரும் கோட்டு சூட்டு கேட்கவில்லை! இப்போது ஜப்பானில் டிசம்பர் வந்தால் நாடு முழுக்க ஒன்பதாவதுதான். ஒஸாகாவில் 1983 முதல் பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடுகிற நிகழ்ச்சி நடக்கிறது. பாடுகிறவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்ல. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு வரும் சாதாரண மக்கள்.

அப்படியானால் 'மேட்டுக்குடி' என்ற முத்திரை எங்கிருந்து வந்தது? காவலர்களிடமிருந்து. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் புதியவர் ஒருவர் ஆசையாகக் கைதட்டிவிட்டால் நூறு தலைகள் திரும்பி முறைக்கின்றன. கொலைக் குற்றவாளியைப் பார்ப்பது மாதிரி. அவர் அடுத்த முறை வருவாரா? மாட்டார். இத்தனைக்கும் இந்தச் சட்டத்தை எந்த மேதையும் போடவில்லை. 1778-ல் பாரிஸில் தன் சிம்பொனியின் நடுவிலேயே ஜனங்கள் கைதட்டியதை மொஸார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதினார். 1813 டிசம்பரில் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது, இரண்டாவது பகுதி முடிந்ததும் 'இன்னொரு தடவை' என்று கேட்டு, மறுபடி வாசிக்கவைத்தார்கள். இந்த இறுக்கமான மௌனம் பெரும்பாலும் அதற்கப்புறம் வந்த பழக்கம். மெல்லிய இடத்தில் மூச்சுக்கூட விடாமல் இருப்பது மரியாதை. பகுதி முடிந்தபிறகும் கையைக் கட்டிக்கொண்டு புதியவரை முறைப்பது ஜாதி பார்ப்பது.

இந்த முத்திரையால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? இருக்கிறது.

2023 மார்ச் 7-ம் தேதி பி.பி.சி. ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1924-லிருந்து பாடிவரும் 'பி.பி.சி. சிங்கர்ஸ்' குழுவை மூடப்போகிறோம், இங்கிலாந்தில் உள்ள மூன்று ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஐந்தில் ஒரு பங்கு வேலைகளைக் குறைக்கப்போகிறோம் என்று. நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வருடம் முன்னால்! குழுவில் மொத்தமே இருபது சொச்சம் பேர்தான். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நூற்றுக்கணக்கான இசையமைப்பாளர்கள் கடிதம் எழுதினார்கள். மார்ச் 24-ம் தேதி பி.பி.சி. பின்வாங்கியது. குழு பிழைத்தது. ஒன்றரை லட்சம் 'மேட்டுக்குடி'கள் இங்கிலாந்தில் இருக்கிறார்களாமா?

கணக்குப்பிள்ளைகளின் தர்க்கம் எனக்குப் புரியாமலில்லை. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே அதை எழுதிவிட்டார்கள். தொழிற்சாலையில் நூறு பேர் செய்த வேலையை இன்று பத்துப் பேர் செய்யலாம். ஆனால் நாலு பேர் வாசிக்கவேண்டிய இசையை இன்றும் நாலு பேர்தான் வாசித்தாகவேண்டும். மற்ற இடங்களில் சம்பளம் ஏற ஏற இங்கேயும் ஏற்றவேண்டும், உற்பத்தியோ ஏறாது. ஒன்பதாவது சிம்பொனியை 'திறமையாக' அரை மணி நேரத்தில் ஐம்பது பேரை வைத்து முடிக்க முடியாது. ஆக, யாராவது கைதூக்கிவிட்டால்தான் இது பிழைக்கும். பள்ளிக்கூடமும் நூலகமும் பிழைப்பது மாதிரி.

அங்கேதான் அந்தப் பொய் வேலை செய்கிறது. 'பணக்காரர் இசைக்கு மக்கள் பணம் எதற்கு?' என்று கேட்டுவிட்டால் வெட்டுவது சுலபம். கேட்பதற்குப் புரட்சி மாதிரியே இருக்கும். வெட்டியபின் நஷ்டப்படுவது யார்? பணக்காரர் விமானம் ஏறி ஸால்ஸ்பர்க் போய்க் கேட்டுவிட்டு வருவார். கால் கடுக்க நின்று கேட்கும் எட்டு பவுண்டு ஆசாமிக்குத்தான் கதவு மூடும். ஏழைக்காகப் பேசுவதாகச் சொல்லி ஏழையின் டிக்கெட்டைக் கிழிக்கிற வேலை இது.

ஆகவே, ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் லண்டன் போகிறவர்கள் மெழுகு பொம்மையோடு போட்டோ எடுத்துக்கொண்டது போதும், ஒரு மாலை ஆல்பர்ட் ஹாலில் போய் நில்லுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு மும்பையில் 2006-ல் தொடங்கிய 'சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா' இருக்கிறது. சென்னையிலேயே 1893-ல் பிறந்த 'மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன்' கோரஸ் பாடிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை ஒன்றும் புரியவில்லை என்றால் பரவாயில்லை. பரீட்சை எதுவும் கிடையாது.

மொபைலை மட்டும் அணைத்துவிடுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் கை தானாகச் சேர்ந்தால் தட்டுங்கள். பக்கத்து சீட்காரர் முறைத்தால், "மொஸார்ட்டுக்கு ஆட்சேபணை இல்லையாம்" என்று சொல்லிவிடுங்கள்.