ஆள் பத்தலைண்ணே!

செமஸ்டர் லீவுக்கு எங்க ஊர் நாகலாபுரம் போயிருந்தேன். சாயங்காலம் அஞ்சு மணி. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்போ புழுதி கிளப்பின மந்தையில ரெண்டே ரெண்டு ஆடு நிக்குது. ஆறாவது படிக்கிற சித்தி பையன்கிட்ட, "கிளித்தட்டு ஆடலாம், வாடா"ன்னேன். "ரெண்டு டீமுக்கு ஆள் பத்தாதுண்ணே. எல்லாரும் டியூஷன் போயிட்டாங்க"ன்னான். சுருக்குன்னுச்சு!

கிளித்தட்டு சும்மா ஓட்டம் இல்லை பாஸ். ஓடணும், டக்குனு நிக்கணும், இந்தப் பக்கம் போற மாதிரி போக்குக் காட்டி அந்தப் பக்கம் பாயணும். இதயம், நுரையீரல், கண், கால் எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல வேலை. நொண்டி ஆடும்போது மொத்த உடம்பையும் ஒத்தைக் கால் தாங்குது. பேலன்ஸ் தானா வருது. பச்சைக்குதிரையில தாண்டிக் குதிக்கிற ஒவ்வொரு குதியும் எலும்புக்கு உரம்.

'எலும்புக்கு எப்படிய்யா?'ன்னு கேக்குறீங்களா? நம்ம லேப்ல லோடு ஏத்த ஏத்த கான்கிரீட் விரிசல் விடும். எலும்பு அப்படியே உல்டா! அளவா பாரம் விழ விழ, அதைத் தாங்குற மாதிரி தன்னையே பலப்படுத்திக்கும். ஜெர்மன் டாக்டர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-லயே எழுதி வெச்சுட்டார். வளர்ற வயசுல சேர்க்கிற எலும்பு பலம்தான் வயசான காலத்துக்கு சேமிப்பு.

5 முதல் 17 வயசு வரை, தினமும் சராசரியா 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்குற மாதிரி உடம்பு அசையணும்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம். ஆனா, 2016 வரைக்குமான கணக்குப்படி, உலகத்துல 11 முதல் 17 வயசுப் பிள்ளைகள்ல 81 சதவிகிதம் பேர் அந்த அளவைத் தொடலை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார்கிட்ட பறிகொடுத்த நமக்கு இது அதிர்ச்சியா என்ன?

இதே கரிசல் பூமியில, கோவில்பட்டியில வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல், 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோட வந்தார். எல்லாரும் இந்தியாவுக்கு ஆட வேண்டாம். தெருவுக்கு ஆடினா போதும்!

மறுநாள் டியூஷன் முடியற நேரம் பார்த்து வாசல்லயே நின்னேன். ஆறு பொடிசுங்க சிக்குச்சு. எட்டாவது ஆளா நானும் இறங்கினேன். ரெண்டு தட்டு தாண்டுறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிருச்சு. இருபது வயசு, வெட்கக்கேடு!

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறீங்கதானே? உங்க தெருவுலயும் ஆள் பத்தாம இருக்கும். அந்தக் குறையுற ஆள் நீங்கதான். போய் நில்லுங்க!