குடும்பக் கணக்கில் துண்டு விழுவது ஏன்?

மாதத்தின் இருபதாம் நாளைத் தாண்டுவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. மளிகைக் கடையில் பற்று எழுதி, வாங்காத சம்பளத்தை முன்கூட்டியே செலவழிப்பது இன்று நாடெங்கும் உழைக்கும் குடும்பங்களின் பொது அனுபவமாகிவிட்டது. தில்லியின் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டிலும், பீகாரின் விவசாயத் தொழிலாளி வீட்டிலும் மாதந்தோறும் துண்டு விழுகிறது. கட்சியின் கிளைகளில் பணியாற்றும் நம் தோழர்களின் வீடுகளும் இதற்கு விலக்கல்ல.

இக்குடும்பங்களுக்கு அறிவுரை கூறுவோருக்குப் பஞ்சமில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது வழிவழி வந்த உபதேசம். நிதி ஆலோசகர்கள் இன்று அதற்கு ஒரு சூத்திரமும் கற்பித்துள்ளனர். வருமானத்தில் 50 சதவீதத்தைத் தேவைகளுக்கும், 30 சதவீதத்தை விருப்பங்களுக்கும் செலவிட்டு, 20 சதவீதத்தைச் சேமிக்க வேண்டுமாம். துண்டு விழுந்தால் அது குடும்பத்தின் ஒழுங்கீனம் என்பதே இந்த உபதேசத்தின் உட்பொருள். இக்கூற்றை அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே பரிசீலிப்போம்.

குறைப்பதற்கு என்ன மிச்சம்?

2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, தலைக்கு மாதச் சராசரிச் செலவு கிராமப்புறத்தில் 4,122 ரூபாய்; நகர்ப்புறத்தில் 6,996 ரூபாய். நால்வர் கொண்ட நகர்ப்புறக் குடும்பம் ஒன்று சராசரி அளவில் வாழ்வதற்கே மாதம் 27,984 ரூபாய் வேண்டும். தில்லியில் 2025 ஏப்ரல் முதல் திறன்சாராத் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,456 ரூபாய். நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களுள் ஒன்று இது. அதை முழுமையாகப் பெறுகிற தொழிலாளியின் வீட்டில்கூட, அவர் ஒருவரே சம்பாதிப்பவர் எனில், சராசரி வாழ்க்கைக்கு மாதம் 9,528 ரூபாய் துண்டு விழும். அச்சூத்திரப்படி அவர் 9,228 ரூபாய்க்குள் நால்வரின் உணவையும், வாடகையையும், பயணத்தையும், மருந்தையும் முடித்துக்கொண்டு, மாதம் 3,691 ரூபாய் சேமிக்க வேண்டும்!

அதே ஆய்வின்படி, மொத்தச் செலவில் உணவுக்கே கிராமப்புறக் குடும்பங்கள் 47 சதவீதத்தையும், நகர்ப்புறக் குடும்பங்கள் ஏறத்தாழ 40 சதவீதத்தையும் செலவிடுகின்றன. குடும்பம் எவ்வளவு ஏழ்மையானதோ, அந்த அளவுக்கு அதன் செலவில் உணவின் பங்கு கூடும் என்பதை எர்னஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இலேயே எடுத்துக்காட்டினார். (நம் ஆசான் எங்கெல்சுடன் இவருக்குப் பெயர் ஒற்றுமை மட்டுமே உண்டு.) செலவில் பாதி உணவாக இருக்கும் வீட்டில் செலவைக் குறை என்றால், உணவைக் குறை என்றே பொருள்.

ஊதியம் நிற்கும் இடம்

ஒரு தொழிலாளியின் குடும்பம் வாழ என்ன வேண்டும் என்ற கணக்கை இந்த நாடு போட்டுப் பார்க்காமல் இல்லை. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதை வரையறுத்தது. உழைப்பாளி, மனைவி, இரு குழந்தைகள் சேர்ந்து மூன்று நுகர்வு அலகுகள், அலகொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, தனியே வீட்டு வாடகை, அதுபோக எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். 1991இல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் போன்றவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது.

இந்த அளவுகோலின் கதி என்ன? ஒன்றிய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு, 2018ஆம் ஆண்டு விலைகளின்படி நாளொன்றுக்கு 375 ரூபாயைத் தேசியக் குறைந்தபட்ச ஊதியமாகப் பரிந்துரைத்தது. அரசோ 2019இல் தேசிய அடித்தள ஊதியத்தை 176 ரூபாயிலிருந்து 178 ரூபாயாக உயர்த்தியது. உயர்வு இரண்டே ரூபாய்! அதன் பிறகு எண்ணெய், பருப்பு, சமையல் எரிவாயு விலைகள் எல்லாம் ஏறியபோதும் அத்தொகை ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. 26 நாட்கள் வேலை கிடைத்தாலும் அதன்படி மாத வருமானம் 4,628 ரூபாய். கிராமப்புறத்தின் மிக ஏழ்மையான 5 சதவீத மக்களின் செலவே தலைக்கு 1,677 ரூபாய். நால்வருக்கு 6,708 ரூபாய். அடிமட்டத்தில் கிடப்போரின் வாழ்க்கைக்கும் எட்டாத ஒரு தொகையை ஊதியத்தின் அடித்தளம் என்று அரசு வரையறுத்திருந்தது.

மறுபுறம், 2023-24இல் பெருநிறுவனங்களின் லாபம் 15 ஆண்டுகளில் காணாத உச்சத்தை எட்டியது என்றும், ஊதியம் அதற்கேற்ப உயரவில்லை என்றும் 2024-25ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. உற்பத்தியான செல்வம் குறையவில்லை. உழைத்தவன் கைக்கு அதில் வந்து சேர்ந்த பங்குதான் குறைந்தது. தொழிலாளியின் வீட்டில் விழும் துண்டும் முதலாளியின் ஏட்டில் ஏறும் லாபமும் தனித்தனிச் செய்திகள் அல்ல.

அரசு சுருக்கிய செலவு

ஊதியம் ஒரு பக்கம் நசுக்கப்பட, அரசு தன் பொறுப்பிலிருந்து கைகழுவிய ஒவ்வொரு செலவும் குடும்பத்தின் தலையில் வந்து விழுகிறது. கல்விச் செலவு பற்றிய 2025ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வின்படி, ஒரு மாணவருக்கான ஆண்டுச் செலவு அரசுப் பள்ளியில் 2,863 ரூபாய். அரசு சாராப் பள்ளியில் 25,002 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால், அந்த வேறுபாட்டைத் தாயின் நகையும் தந்தையின் கூடுதல் வேலைநேரமும் ஈடுகட்ட வேண்டியதாகிறது.

மருத்துவத்துக்கும் இதுவே பொருந்தும். 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் கையிலிருந்தே நேரடியாகச் செலுத்தினர். அரசின் மருத்துவச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. 2021-22இல் அது 1.84 சதவீதமாகவே இருந்தது.

உணவல்லாத செலவுகளில் கிராமத்திலும் நகரத்திலும் முதலிடம் பெறுவது போக்குவரத்து. 2014இல் லிட்டர் பெட்ரோல் மீது 9.48 ரூபாயாக இருந்த ஒன்றிய கலால் வரியை, உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்து கிடந்த 2020 மே மாதத்தில் 32.98 ரூபாயாக உயர்த்தியது மோடி அரசு. சோப்புக்கும், பற்பசைக்கும், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் எட்டு ஆண்டுகள் 18 சதவீத ஜிஎஸ்டி வசூலித்துவிட்டு, 2025 செப்டம்பரில் அதை 5 சதவீதமாகக் குறைத்தபோது 'சேமிப்புத் திருவிழா' என்று கொண்டாடியது. அதே அரசு 2019 செப்டம்பரில் பெருநிறுவனங்களின் அடிப்படை வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக ஒரே நாளில் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்பது அரசின் மதிப்பீடே. சிக்கனம் யாருக்கு, சலுகை யாருக்கு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

யாருடைய தட்டில் குறைகிறது?

வருமானம் போதாதபோது குடும்பம் செலவைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் குறைப்பு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவர், அதாவது வீட்டுப் பெண், முதலில் தன் தட்டில் குறைத்துக்கொள்கிறார். பாலும் பழமும் முட்டையும் நிற்கின்றன. பிறகு மாத்திரை நாள்விட்டு நாளாகிறது. பிறகு மகளின் படிப்பு. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு கண்டறிந்தது. முந்தைய ஆய்வில் இது 53 சதவீதமாக இருந்தது. குடும்பங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செய்த சிக்கனத்தின் சுவடு இந்த எண்களிலும் இருக்கிறது.

குறைக்க ஏதுமற்ற கட்டத்தில் கடன் வாசலில் வந்து நிற்கிறது. 2022-23இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 5 சதவீதமாகச் சரிந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் இதுவே மிகக் குறைந்த அளவு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள், வட்டிக்கு இருந்த உச்சவரம்பை நீக்கின. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களிடம், மாத வருமானத்தில் பாதி வரை கடன் தவணையாகப் போகலாம் என்றும் அவை அனுமதிக்கின்றன. பாதி உணவுக்கு, பாதி தவணைக்கு என்றால் எஞ்சுவது என்ன? தவணை நாளன்று குழுக்கூட்டத்தில் தலைகுனிந்து நிற்கும் பெண்ணிடம் போய் நாம் சிக்கனம் போதிக்க முடியுமா?

சிக்கனத்தில் நம் நிலை

இவ்வளவும் சொல்வதால், வீட்டுச் செலவைத் திட்டமிடுவது வீண் என்று பொருளாகாது. இங்கே நம்மிடமும் ஒரு குறை உண்டு. விலைவாசி பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிற தோழர், தன் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்திருப்பதில்லை. அந்தச் சுமை முழுவதும் வீட்டுப் பெண்ணிடமே விடப்பட்டிருக்கிறது.

வெட்டத்தக்க செலவுகள் இருக்கின்றன. கடன் வாங்கி நடத்தும் ஆடம்பரத் திருமணம், வரதட்சணை, ஊருக்காகச் செய்யும் சீர்வரிசை, மது, புகையிலை, ஒரு கடனை அடைக்க வாங்கும் மறு கடன் ஆகியவை உழைக்கும் குடும்பத்தை உறிஞ்சுகின்றன. இவற்றை எதிர்ப்பது நமது பண்பாட்டுப் போராட்டத்தின் பகுதி. அது நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். எதைக் குறைப்பது என்பதைக் குடும்பத்தினர் அனைவரும் அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். பெண்ணின் உணவும், குழந்தையின் படிப்பும், முதியவரின் மருந்தும் வெட்டப்பட வேண்டிய பட்டியலில் இடம்பெறவே கூடாது.

ஆனால் சிக்கனம் ஒரு குடும்பத்தைக் காக்கலாம், வர்க்கத்தைக் காக்காது. எங்கெல்ஸ் 1872-73இல் எழுதிய 'குடியிருப்புப் பிரச்சினை' இதைத் தெளிவுபடுத்துகிறது. சில தொழிலாளர் மட்டும் குறைந்த செலவில் வாழ்ந்தால் மிச்சம் அவர்களுக்கு. அதுவே எல்லாத் தொழிலாளரின் வழக்கமாகிவிட்டால், கூலியும் அந்த அளவுக்குக் கீழே தள்ளப்படும். மிச்சம் முதலாளிக்குப் போய்ச் சேரும். 178 ரூபாயில் வாழ்ந்துகாட்டுபவர்கள் இருக்கும்வரை 178 ரூபாயே போதும் என்று சொல்லும் அரசும் இருக்கும்.

ஒரு பைசாவின் வரலாறு

வீட்டுக் கணக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்த மரபு நமக்கு உண்டு. 1953இல் கல்கத்தாவில் பிரிட்டிஷாருக்குச் சொந்தமான டிராம் நிறுவனம் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. ஒரு பைசாவை வேறெங்காவது மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்று நகரத்து மக்கள் அடங்கிப்போகவில்லை. இடதுசாரிகளின் தலைமையில் அணிதிரண்டு, காவல்துறையின் தடியடிகளையும் கைதுகளையும் எதிர்கொண்டு, அந்த உயர்வைத் திரும்பப் பெறச் செய்தனர்.

1972இல் தொடங்கி மும்பையில் அகல்யா ரங்கனேகர், மிருணாள் கோரே உள்ளிட்டோர் தலைமையில் ஆயிரக்கணக்கான பெண்கள் சப்பாத்திக் கட்டையையும் தட்டையும் ஏந்தி வீதிக்கு வந்தனர். எண்ணெயும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. துண்டு விழுந்ததற்குத் தங்களை நொந்துகொள்வதை விட்டு, அதற்குக் காரணமானவர்களை நோக்கி அவர்கள் திரும்பினர்.

இன்று நம் முன் உள்ள கடமையும் அதுவே. 26,000 ரூபாய் குறைந்தபட்ச மாத ஊதியம் என்ற தொழிற்சங்கங்களின் கோரிக்கையும், 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான போராட்டமும் குடும்பக் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடையவை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்தே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் வரையறுக்கப்பட்டனர். ரேஷனை அனைவருக்குமாக்க வேண்டும். கேரளத்தின் மாவேலி அங்காடிகளும் தமிழ்நாட்டின் நியாய விலைக் கடைகளும் காட்டிய வழியில், பருப்பையும் சமையல் எண்ணெயையும் மலிவு விலையில் நாடு முழுவதும் வழங்க வேண்டும். அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, அரசுப் பேருந்து ஆகிய ஒவ்வொன்றும் ஊதியத்தின் மறு வடிவமே என்பதை மக்களிடம் விளக்க வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பத்துக் குடும்பங்களோடு அமர்ந்து, ஒரு மாத வரவு செலவை எழுதிப் பார்க்கட்டும். ஊதியம் எவ்வளவு குறைவு, விலையும் வரியும் எவ்வளவு, கல்வியும் மருத்துவமும் எவ்வளவு, தவணை எவ்வளவு, வீட்டார் தாமே குறைக்கத்தக்கது எவ்வளவு என்று தனித்தனியே பிரிக்கட்டும். கடைசி இனத்தில் நிற்கும் தொகை எவ்வளவு சிறியது என்பதைக் குடும்பத்தினர் தம் கண்ணால் காண்பார்கள். தம் ஊதாரித்தனம்தான் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் நம்பிக் கூனிக்குறுகியவர்கள் நிமிர்வார்கள். அந்த நோட்டில் எழுதிய மற்ற இனங்கள்தான் நமது அடுத்த இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியல்.